லிஃப்ட் ஜோசியரும் மாயக் கண்ணாடியும்

அந்த நாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு எதைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. கேட்டால் சொல்வார்; கேட்காவிட்டால் இரண்டு தடவை சொல்வார். லிஃப்டோ பழைய லிஃப்ட். இழுத்து மூடுகிற கம்பிக் கதவு, ஏறும்போது ஒரு முனகல், இறங்கும்போது வேறொரு முனகல். கீழேயிருந்து உச்சி மாடி போய்ச் சேருவதற்குள் ஒருவர் தன் குடும்பக் கதையில் பாதியைச் சொல்லி முடித்துவிடலாம். மீதியை இறங்கும்போது சொல்லலாம். அதனால் அந்தக் கட்டடத்தில் அவருக்குத் தெரியாத சங்கதி கிடையாது; அவர் தீர்ப்புச் சொல்லாத சங்கதியும் கிடையாது.

எல்லோரும் அவரை ஜோசியர் என்றுதான் கூப்பிட்டார்கள். அது தன் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அந்தப் பட்டத்துக்கு முன்பாதி ஒன்று இருந்தது. ‘தலைகீழ் ஜோசியர்’ என்பதுதான் முழுப் பெயர். முன்பாதியை அவர் காதில் விழாத தூரம் போன பிறகு மட்டும் சொல்வார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. செல்போன் புதிதாக வந்த காலத்தில், "நடந்துக்கிட்டே தனியாப் பேசினா பைத்தியம்னு நினைப்பாங்க. மானஸ்தன் எவனும் இதை வாங்க மாட்டான்" என்றார். பாட்டிலில் தண்ணீர் விற்க ஆரம்பித்தபோது, "குழாயைத் திறந்தா வர்றதைக் காசு குடுத்து வாங்க மனுஷனுக்கு என்ன மூளை குழம்பிப் போச்சா?" என்றார். முதல் மாடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்தவரிடம், "போட்டோ எடுத்துக்கிற ஆசை மனுஷனுக்கு ஒரு நாளும் குறையாது, நீங்க கண்ணை மூடிக்கிட்டுக் கடையைப் பெருசு பண்ணலாம்" என்று தைரியம் கொடுத்தார். ஆசை குறையவில்லை என்பது வாஸ்தவம்தான். ஸ்டுடியோக்காரர் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தபோது கடை இல்லை.

இதை முதலில் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டவர் இரண்டாம் மாடிப் பல் டாக்டர். அவர் கிளினிக் திறந்த அன்று ஜோசியர் பரிதாபத்தோடு, "ஒரு மனுஷனுக்கு எத்தனை பல்லு வலிச்சுடும் டாக்டர்? வேற தொழில் பாருங்களேன்" என்றிருந்தார். கிளினிக்கில் நிற்க இடமில்லாமல் பக்கத்து அறையையும் சேர்த்து எடுக்கும்படி ஆனது. அன்றிலிருந்து டாக்டர் எந்தக் காரியத்தில் இறங்கினாலும் லிஃப்டில் ஒரு நடை ஏறி ஜோசியரைக் கேட்பார். அவர் சொன்னதை அப்படியே கவிழ்த்துப் போட்டுச் செய்வார். மூன்றாம் மாடி ஆடிட்டருக்கும் விஷயம் பரவியது. அவர் மகளுக்கு எந்தப் படிப்பு என்பதுகூட அப்படி முடிவானதுதான். படிப்பு முடித்து அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள்.

ஜோசியரின் மைத்துனன் ஓர் உற்சாகப் பேர்வழி. அக்காவிடம் கடன் வாங்காமல் தொழில் தொடங்குவது அவனுக்குப் பிடிக்காது. மீன் தொட்டி வியாபாரம் செய்தான். மீன்கள் ஒன்றையொன்று தின்றுவிட்டன. ஹெல்மெட் கழுவும் மெஷின் வாங்கினான். கழுவின ஹெல்மெட் ஒரு சைஸ் சுருங்கி, போட்டுப் பார்த்த ஒருவருக்குக் கழற்ற முடியாமல் போய், அவர் ஹெல்மெட்டோடு சாப்பாட்டுக்குப் போனார். இரண்டையும் "அமோகமா வரும் மச்சான்" என்று முன்கூட்டியே வாழ்த்தியவர் ஜோசியர்தான்.

அந்த மைத்துனன் ஒருநாள் அட்டைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு லிஃப்டுக்குள் வந்தான்.

"நாலாவது மாடி மாமா. ஹாலை வாடகைக்கு எடுத்துட்டேன். வி.ஆர். கேம் சென்டர்."

"அப்படின்னா?"

"விர்ச்சுவல் ரியாலிட்டி."

"விருச்சிகமா? அது ராசியாச்சே!"

"ஐயோ மாமா. கண்ணுல ஒரு பெரிய கண்ணாடி மாட்டிக்கணும். மாட்டினா நீங்க வேற உலகத்துல இருப்பீங்க. மலை ஏறலாம், பறக்கலாம், டிராகனோட சண்டை போடலாம். எல்லாம் நின்ன இடத்துலயே."

கம்பிக் கதவு மூடியது. லிஃப்ட் முனகியது. மைத்துனன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மாமா, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுங்க. இது ஓடுமா? இப்போ விலை ஜாஸ்தி. நாளைக்கு விலை இறங்கி எல்லார் வீட்டுக்கும் வந்துடுமா? வராதுதானே?"

அவன் முகத்தில் ஒரு தவிப்பு. இம்முறை மாமா ‘ஓடாது’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், தலைமுறைக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம். இரண்டாம் மாடியில் ஏறிக்கொண்ட பல் டாக்டரும் காதைத் தீட்டிக்கொண்டார். அவருடைய இரட்டைப் பையன்கள் அந்தக் கண்ணாடி வேண்டுமென்று வீட்டில் உண்ணாவிரதம் இருந்தார்கள். வாங்குவதா வேண்டாமா என்று அவருக்கும் தெரிந்தாக வேண்டும்.

ஜோசியர் வாழ்க்கையில் முதன்முறையாக, "பார்க்காம எப்படிச் சொல்றது?" என்றார்.

லிஃப்டில் இருந்த இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மைத்துனன் அவரைக் கையைப் பிடித்து நாலாம் மாடிக்கு அழைத்துப்போனான். ஹால் காலியாக இருந்தது. சுவர் முழுக்க நீல வர்ணம், தரையில் ரப்பர் விரிப்பு, ஒரு மேஜைமேல் கறுப்புக் கறுப்பாகக் கண்ணாடிகள். ஒன்றை எடுத்து மாமாவின் தலையில் மாட்டி, பின்னால் வாரை இறுக்கி, இரண்டு கையிலும் இரண்டு கைப்பிடியைத் திணித்தான்.

"என்ன தெரியுது மாமா?"

"தெரு. பெரிய தெரு. எதிர்ல ஒரு லிஃப்ட்!" ஜோசியரின் குரலில் சொந்தக்காரரைப் பார்த்த சந்தோஷம்.

"அதுக்குள்ள போங்க. பட்டனை அமுக்குங்க. உச்சிக்குப் போனதும் கதவு திறக்கும். வெளியில ஒரு பலகை நீட்டிக்கிட்டிருக்கும். அதுமேல நடக்கணும். கீழே பார்த்தா குலை நடுங்கும். அதான் கேம்."

ஜோசியர் லிஃப்டுக்குள் போனார். பட்டனை அமுக்கினார். பிறகு, இத்தனை வருஷப் பழக்கத்தில், ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஸ்டூல் அந்த உலகத்திலும் இல்லை, இந்த உலகத்திலும் இல்லை. தொபுக்கடீர் என்று ரப்பர் விரிப்பில் விழுந்தவர், விழுந்த கோலத்திலேயே, "எந்த மாடி?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டார். மைத்துனன் வாயைப் பொத்திக்கொண்டான்.

எழுந்து நின்றார். உச்சி வந்தது. கதவு திறந்தது. பலகை தெரிந்தது. ஜோசியர் நகரவில்லை.

"நடங்க மாமா!"

"லிஃப்டை விட்டுட்டு எங்கடா போறது? யாராச்சும் கீழேயிருந்து பெல் அடிச்சா?"

எவ்வளவோ கெஞ்சியும் அவர் அந்தப் பலகையில் கால் வைக்கவில்லை. அந்த லிஃப்டிலேயே மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தார். "முனகவே மாட்டேங்குதுடா. என்ன எண்ணெய் போடறாங்க?" என்று வேறு கேட்டார். கடைசியில் மைத்துனனே பொறுமை இழந்து ஆட்டத்தை மாற்றினான்.

இப்போது ஜோசியர் ஒரு பறவை. கீழே கடல். கையை விரித்தால் மிதந்தார். மடக்கினால் சர்ரென்று இறங்கினார். வாழ்நாளில் பாதியை ஓர் இரும்புப் பெட்டிக்குள் கழித்த மனிதருக்கு நாலா பக்கமும் சுவரே இல்லாத இடம் கிடைத்துவிட்டது. வாயைத் திறந்தபடி, கைகளை அசைத்தபடி, ஹாலின் நடுவில் ஒரு மாதிரி வட்டமடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டரும் ஆடிட்டரும் உள்ளே வந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டவருக்குக் காதும் மூடியிருக்கும் என்று டாக்டர் எப்படியோ முடிவுகட்டிவிட்டார்.

"என்னப்பா, உங்க மாமா வாயைத் திறந்தாரா?"

"திறந்துதான் இருக்கு டாக்டர். வார்த்தைதான் வரலை."

"ஓடாதுன்னு மட்டும் சொல்லிட்டா உடனே ரெண்டு வாங்கிடுவேன். தலைகீழ் ஜோசியர் வாக்கு இதுவரைக்கும் பொய்ச்சதே இல்லை. என் கிளினிக்கே அதுக்குச் சாட்சி."

"என் பொண்ணு படிப்பும்" என்றார் ஆடிட்டர்.

"என் ஹெல்மெட் கடையும்" என்றான் மைத்துனன் சோகமாக. "அமோகமா வரும்னாரு."

கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்த பறவை அப்படியே நின்றது. கைகள் விரித்தபடியே இருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றினால் முகத்தைப் பார்த்துவிடுவார்களே. ‘ஜோசியரே’ என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்ட ஒவ்வொரு முகமும் அந்தக் கடலில் வரிசையாக மிதந்து வந்தது. ஊரே ஒரு வாக்கு வாங்கிக்கொண்டு போய்க் கவிழ்த்துப் போட்டிருக்கிறது. அவர் ஒருவர்தான் அதை நிமிர்த்தி வைத்துப் பெருமைப்பட்டிருக்கிறார்.

பிறகு மெதுவாகக் கழற்றினார். மூவரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"எப்படி இருக்கு ஜோசியரே? ஓடுமா?" என்றார் டாக்டர், அசடு வழிய.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஜோசியர் லிஃப்டை விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் படியில் நடந்து அந்தக் கட்டடம் அதுவரை பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கேட்டார். அவள் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்து லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். அன்றைக்கு வேலை முடிந்து வந்த களைப்பில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் என்னைத் தலைகீழ் ஜோசியர்னு சொல்றாங்களாமே. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"பேரு வச்சதே நான்தானே."

அவள் நிதானமாகச் சொன்னாள்: "கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பார்த்துட்டுப் போய் உங்க அண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க? ‘இந்தப் பொண்ணு எனக்குச் சரிப்பட்டு வராது, ரெண்டே மாசத்துல மூட்டையைக் கட்டிடுவா’ன்னீங்களா இல்லையா? உங்க அண்ணி என்கிட்ட சொல்லிட்டாங்க. நான் மூட்டையைக் கட்டினேனா? அப்போ வச்ச பேரு. லாண்டரியில ஒருநாள் வாய் தவறிச் சொல்லிட்டேன். அது மாடி ஏறிடுச்சு."

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவர் ஒரு செம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்து முடித்தார். அந்தப் பட்டத்தில் தன் கல்யாணமும் அடக்கம் என்பது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

அடுத்த சில வாரங்கள் லிஃப்டில் மயான அமைதி. ஜோசியர் வாயைத் திறக்கவில்லை. மழை வருமா என்று கேட்டால் வானத்தைக் காட்டினார். சட்டை நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் கதவை இழுத்துச் சாத்தினார். கட்டடமே திசை தெரியாமல் தவித்தது. டாக்டர் புதுப் பல் நாற்காலி வாங்கும் முடிவைத் தள்ளிப்போட்டார்.

ஆனால் மதிய இடைவேளை ஆனதும் ஜோசியர் தவறாமல் நாலாம் மாடிக்குப் போய்க் கடல்மேல் பறந்துவிட்டு வந்தார். மைத்துனன் கணக்குப் பார்த்தான். மாமாவுக்கு இது பிடித்துவிட்டது என்றால், மாமா இது ஓடும் என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

"மாமா, உங்க காலைப் பிடிச்சுக் கேட்கறேன். ஓடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"ஓடும்னு மனசுல நினைச்சுக்கிட்டு ஓடாதுன்னு எப்படிச் சொல்றது?"

இந்தச் சிக்கலை அவன் ஆடிட்டரிடம் கொண்டுபோனான். அவர் பேனாவை மூடிவிட்டு ஆழ்ந்து யோசித்தார். "தலைகீழாப் போறது வாயில சொல்றதா, மனசுல நினைக்கிறதா? மனசுல நினைக்கிறதுதான்னா, அவர் எப்பவோ நினைச்சிருப்பார், நீ காலி. வாயில சொல்றதுதான்னா, பொய் சொல்ல வச்சுப் பார்க்கலாம். ஆனா பொய்யைத் தலைகீழாப் போட்டா உண்மையாயிடும். அவர் உண்மை என்னிக்குப் பலிச்சிருக்கு?" மைத்துனனுக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு காலை வேளை. டாக்டர், ஆடிட்டர், மைத்துனன் மூவரும் ஒரே நேரத்தில் லிஃப்டில் ஏறினார்கள். ஜோசியர் கதவை மூடினார். முதல் மாடியைத் தாண்டியதும் லிஃப்டை நடுவழியில் நிறுத்தினார்.

"கேளுங்க எல்லாரும். இது விலை இறங்கும். நல்லா இறங்கும். டி.வி. வந்த மாதிரி, செல்போன் வந்த மாதிரி எல்லார் வீட்டுக்கும் வரும். இது என் மனசாரச் சொல்றது. கவிழ்த்துப் போட்டுப் பார்க்கிறவங்க பார்த்துக்கோங்க. எனக்கு ஒண்ணும் இல்லை."

டாக்டர் உடனே போனை எடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று பையன்களுக்காகக் கடையில் பதிவு செய்துவைத்திருந்த இரண்டு கண்ணாடிகளை ரத்து செய்தார். மைத்துனன் அப்படியே லிஃப்ட் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஜோசியர் பட்டனை அமுக்கினார்.

அப்புறம் நடந்ததுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

விலை இறங்கியது. முதலில் பணக்காரச் சாமானாக இருந்தது, கொஞ்ச நாளில் மிக்ஸி விற்கிற கடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. டாக்டரின் பையன்கள் மறுபடி உண்ணாவிரதம் இருந்து வாங்கவைத்தார்கள். ஆடிட்டர் தனக்கென்று ஒன்று வாங்கினார். பக்கத்துத் தெரு, எதிர்த் தெரு என்று எல்லாப் பக்கமும் பரவியது. "மாமா சொன்னது பலிச்சுடுச்சு!" என்று மைத்துனன் கத்தினான். பலித்ததால் தனக்குத்தான் ஆபத்து என்பது அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. வீட்டிலேயே இருந்தால் கடைக்கு எவன் வருவான்?

ஆனால் வாங்கியவர்கள் வீட்டில் நடந்த கூத்து வேறு. ஒருவர் டிராகனை வெட்டப்போய் டியூப் லைட்டை வெட்டினார். ஒருவர் மலையேறி அலமாரியில் முட்டிக்கொண்டார். ஆடிட்டருக்குத் தலை கிறுகிறுத்து, காலையில் சாப்பிட்டது அப்படியே வெளியில் வந்துவிட்டது. டாக்டர் மட்டும் கெட்டிக்காரத்தனமாக அதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். பல் பிடுங்கும்போது நோயாளி கண்ணில் மாட்டிவிட்டால் வலி தெரியாது என்று கணக்குப் போட்டார். வலி தெரியவில்லைதான். நோயாளி டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார். வந்த பந்தை ஓங்கி ஒரு அடி. டாக்டரின் முன்பல் ஆடிப்போய், அவர் இன்னொரு பல் டாக்டரைத் தேடிப் போகும்படி ஆனது.

இப்படியாக எல்லார் வீட்டிலும் அந்தக் கண்ணாடி இருந்தது. எல்லார் வீட்டிலும் அது அலமாரிக்குள் இருந்தது.

மைத்துனனின் கடையில் இந்தச் சமயத்தில் ஓர் அதிசயம் நடந்தது. ஒருவர் பையில் தன் சொந்தக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, பொருள் என்கிட்ட இருக்கு. வீட்ல இடம்தான் இல்லை. கொஞ்ச நேரம் இங்க நின்னு ஆடிக்கட்டுமா?" என்றார். மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு கூட்டமாக வந்தார்கள். மைத்துனன் தன் மேஜையைத் தூக்கினான், நாற்காலிகளைத் தூக்கினான், தன் கண்ணாடிகளையும் மூட்டை கட்டிவைத்தான். கடையில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாததுக்குத்தான் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வாழ்க்கையில் அவன் செய்த தொழில்களிலேயே சாமான் கெட்டுப்போகாத தொழில் அதுதான்.

ஜோசியர் சொன்னது பலித்ததா இல்லையா என்று கட்டடமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. "எல்லார் வீட்டுக்கும் வந்துடுச்சே, பலிச்சாச்சு" என்றது லாண்டரி. "அலமாரியில இருக்கறதெல்லாம் வந்த கணக்கா? என் வீட்ல சைக்கிளும்தான் இருக்கு" என்றார் ஆடிட்டர். டாக்டருக்கு முன்பல் கட்டியிருந்ததால் அவர் சொன்னது யாருக்கும் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுதியாயிற்று. இனிமேல் ஜோசியர் ஒன்று சொன்னால் அதை நேராக எடுத்துக்கொள்வதா, கவிழ்ப்பதா என்று யாருக்கும் தெரியாது. அவரிடம் வாக்குக் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

கேட்காவிட்டால் என்ன? அவர் இரண்டு தடவை சொல்ல ஆரம்பித்தார்.

ஆடிட்டர் தன் அலமாரியில் தூங்கிய கண்ணாடியை, பார்த்தாலே குமட்டுகிறது என்று சொல்லி, ஜோசியரின் தலையில் கட்டினார். ஜோசியருக்கு வாயெல்லாம் பல். அன்று மாலையே வீட்டில் கட்டிலைச் சுவரோரம் தள்ளி, துணிக் கொடியை அவிழ்த்து, நடுவில் இடம் பண்ணினார். இனி இஷ்டம்போல் பறக்கலாம் என்று அவர் கைகளை உதறிக்கொண்டு நிற்கும்போது மனைவி வந்தாள்.

"என்னதான் அதுல இருக்கு, குடுங்க பார்க்கலாம்."

அன்றோடு அது அவர் கைக்குத் திரும்பி வரவில்லை. நாளெல்லாம் இஸ்திரிப் பெட்டி தேய்த்த கைக்கு, கண்ணாடிக்குள் ஆடுகிற டேபிள் டென்னிஸ் அத்தனை லாவகமாக வந்தது. எதிரில் ஆட எங்கோ ஒரு தேசத்திலிருந்து ஒரு பெண்மணி தினமும் வந்துவிடுகிறாள். இவள் பேசுவது அவளுக்குப் புரியாது, அவள் பேசுவது இவளுக்குப் புரியாது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

"யாரும்மா அது?" என்று ஜோசியர் கட்டில் மூலையிலிருந்து கேட்டார்.

"பேரு தெரியலைங்க. நல்லா ஆடறா. பந்து போட்டுக்கிட்டே பின்னாடி திரும்பித் திரும்பி யாரையோ திட்டறா. அவ வீட்டுக்காரரா இருக்கும். கொஞ்சம் காலை மடக்குங்க, நான் கட் ஷாட் அடிக்கணும்."

ஜோசியர் காலை மடக்கிக்கொண்டார்.